யாழ்ப்பாணத்தில் ஒரு மணிக்குப் பட்ட பொழுது

தன்னுடைய பொழுதை நாலு மணியிலிருந்து எட்டு மணிக்குத் தள்ளிவிடும்படி கிருசாந்தினி தகப்பனிடம் கேட்டது ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது. வேறு எதைக் கேட்டாலும் அதை மட்டும் கேட்டுவிடக் கூடாதென்று தாய் புனிதம் சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார். முல்லைத்தீவுக் கரையோரத்துச் சவரிக்குடியிருப்பில் ஆண்களுக்குப் பொழுது ஆறேகாலுக்குப் படும். பெண்களுக்கு நாலு மணிக்கு. நாலு அடித்ததும் அந்த ஊர்ப் பெண் எங்கே நின்றாலும் அவளைச் சுற்றி, வீச்சுவலை விரிந்து விழுகிற அகலத்துக்கு, இருட்டு விழும். அந்த வட்டத்துக்கு வெளியே வெயில் தன்பாட்டுக்கு எறித்துக்கொண்டிருக்கும்.

இது ஆதிகாலத்து வழக்கம் ஒன்றுமில்லை. இரண்டாயிரத்து ஏழில், பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போகிற காலத்தில், பொழுதுபட முன்னம் வீட்டுக்கு வா, பொழுதுபட முன்னம் வீட்டுக்கு வா என்று சொல்லிக் களைத்த ஊரார், அதற்கும் பயம் தீராமல் பொழுதையே நாலு மணிக்கு இழுத்து வைத்தார்கள். வீட்டுத் தலைவர் வேலிப் படலையில் நின்று நேரத்தைச் சொன்னால் போதும், சூரியன் கேட்டது. அப்போது அதில் நியாயம் இருந்தது. பெடியன்களுக்கும் அதே நாலு மணிதான். பிறகு இடப்பெயர்வு, முகாம், முள்ளுக்கம்பி. இரண்டாயிரத்துப் பத்தில் ஊருக்குத் திரும்பியதும் பெடியன்கள் தொழிலுக்குப் போகவேண்டியிருந்ததால் அவர்களுடைய பொழுதை ஒரே கிழமைக்குள் பழையபடி விட்டார்கள். பெண்களுடையதை விட ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பதினைந்து வருடமாக வரவில்லை. கிருசாந்தினி கிராம சேவையாளரிடம் போய்க் கேட்டாள். அது தன் பதிவேட்டில் இல்லை என்றார். பங்குச் சுவாமியிடம் கேட்டாள். அது குடும்ப விடயம் என்றார். குடும்பத்திடம் கேட்டாள், சுவாமியிடம் கேள் என்றார்கள்.

அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழக வளாகத்துக்குப் போன முதல் பிள்ளை அவள். இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிகிற பரீட்சைகளில் கடைசி ஒரு மணித்தியாலம் அவளுடைய மேசையில் கும்மிருட்டு. ஒரு மேசை விளக்குக்கு விண்ணப்பித்து, மூன்று பேரிடம் கையொப்பம் வாங்கினாள். பரீட்சை முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு விளக்கு வந்து சேர்ந்தது. ஐந்து கேள்வி எழுதவேண்டிய இடத்தில் மூன்றை எழுதித்தான் ஒவ்வொரு பாடமாகச் சித்தியடைந்தாள். சித்திதானே, பிறகென்ன என்றார்கள் வீட்டில். சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தடவை கோட்டைவிட்ட தமையன் டிலக்ஸனுக்கு எத்தனை மணிக்குப் பொழுதுபடும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இப்போது வந்திருந்தது கடைசிப் பகுதி: யாழ்ப்பாணத்தில் ஒரு கடல்நீர் ஆய்வுகூடத்தில் ஆறு மாதப் பயிற்சி, காலை எட்டரையிலிருந்து பின்னேரம் ஐந்து வரை. அது இல்லாமல் பட்டம் இல்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் நேரில் போய்க் கையொப்பம் வைக்கவேண்டும். அவளோடு தெரிவான இரண்டு சிநேகிதிகள், பளையைச் சேர்ந்த கஜேந்தினியும் பரந்தனில் வயல் செய்கிற மலையகக் குடும்பத்துச் சுமித்திராவும், கையொப்பத்தைப் பத்து நிமிட வேலையாகவும் மிச்ச நாளை ஊர் சுற்றுகிற நாளாகவும் திட்டம் போட்டிருந்தார்கள். செருப்பு, ஐஸ்கிறீம், படம். மூன்று வருடச் சிநேகிதத்தில் அவர்கள் ஒன்றாக ஒரு நகரத்துக்குப் போனதில்லை. காரணம் நாலு மணி.

"அப்பா, என்ர பொழுதை எட்டுக்கு விடுங்கோ. ஐஞ்சு மட்டும் வேலை, பிறகு பஸ்."

மரியநேசன் ஊசியை நிறுத்தவில்லை. "கொம்மா கேட்டவளே இப்பிடி? உன்ர மாமி கேட்டவளே?"

"அவையள் கேக்கேல்ல எண்டுதானே நான் கேக்கிறன்."

"வாயை மூடடி," என்றார் புனிதம் குசினிக்குள் இருந்து.

மரியநேசன் ஒரு முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, படலைக்குப் போய் நின்று சொன்னார்: "நாளைக்குப் போட்டு வா. ஆனா உனக்கு ஒரு மணிக்குப் பொழுதுபடும். அதுக்கு முன்னம் வீட்ட நிக்கவேணும்."

கேட்ட குற்றத்துக்கு மூன்று மணித்தியாலம் வெட்டு. யாழ்ப்பாணத்துக்குப் பஸ் மூன்று மணித்தியாலம், திரும்பி வர மூன்று. ஐந்தரை பஸ் எட்டரைக்குப் போய்ச் சேரும், ஆய்வுகூடக் கந்தோர் ஒன்பதுக்குத் திறக்கும், பத்துக்குத் திரும்ப ஏறவேண்டும். ஒருநாள் சுற்றுலா ஒரு மணித்தியாலமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சுமித்திரா பரந்தனிலும் கஜேந்தினி பளையிலும் அதே பஸ்ஸில் ஏறினார்கள். ஆய்வுகூடத்தில் தயாளினி என்ற பொறுப்பதிகாரி படிவத்தை நீட்டினார். ஐந்து மணிவரை கடமையில் இருக்கச் சம்மதம் என்று அதில் ஒரு வரி இருந்தது. மற்ற இருவரும் வாசிக்காமலே ஒப்பம் வைத்தார்கள். கிருசாந்தினி பேனையைப் பிடித்தபடி நின்றாள்.

"நாலு மணிக்குப் பிறகு எனக்கு இருட்டு, மிஸ்."

"யோசிச்சிட்டு மூண்டுக்குள்ள வாங்கோ," என்றார் தயாளினி, தலை நிமிராமல். "வராட்டி உங்கட இடத்துக்குப் பதினொரு பேர் நிக்கினம்."

பிறகு செருப்புக் கடை. கஜேந்தினி பதினான்கு சோடியைப் போட்டு நடந்து பார்த்துவிட்டு முதல் சோடியை வாங்கினாள். "உன்ர காலில என்னடி, ஆறு விரலோ?" என்று கிருசாந்தினி கத்தினாள். அவசரப்பட்டு வாங்கினால் கடிக்கும் என்றாள் கஜேந்தினி, அமைதியாக. பத்து மணி பஸ் போய்விட்டது. இனி ஓடிப்போய் அடுத்ததில் ஏறினாலும் ஒரு மணிக்கு நடுவழியில்தான் நிற்பாள். "வழியில இருட்டுறதுக்கு ஐஸ்கிறீம் கடையில இருட்டட்டுமே," என்று சுமித்திரா சொன்னதில் கணக்குப் பிழை இல்லாததால் மூவரும் ஐஸ்கிறீம் கடைக்குப் போனார்கள்.

கடைக்கு வெளியே வரிசை வீதிவரை நீண்டிருந்தது. ஆவணி வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. ஒரு மணிக்கு, வரிசையின் நடுவில், கிருசாந்தினிமேல் பொழுதுபட்டது. அண்ணாந்து பார்த்தால் வட்டமாக நட்சத்திரம். காலடியில் தார் ஆறிக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசியில் தாயிடமிருந்து அழைப்புமேல் அழைப்பு. அவள் வரப்போவது வரட்டும் என்று நின்றாள்.

முதலில் வந்தது கஜேந்தினி. வெயிலிலிருந்து ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு முழுதாக வந்து நின்றாள். "அடியே, உள்ளுக்குள்ள ஏசி!" என்றாள். சுமித்திராவும் நுழைந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தன வருசம் இத நீ மட்டும் வச்சிருந்தியா, கஞ்சப்பிசினாறி? வர்ற போகம் எங்க வயலுக்கு வா. நாத்து நடுறப்போ பக்கத்துல சும்மா நில்லு, சம்பளம் தர்றோம்," என்றாள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாய் ஒன்றும் கேட்காமலே உள்ளே வந்தாள்; அழுதுகொண்டிருந்த குழந்தை நித்திரையாயிற்று. ஓட்டோக்காரர் ஒருவர், "தங்கச்சி, ஒரு எட்டு இஞ்சால தள்ளி நில்லுங்கோ, வண்டியும் கொஞ்சம் ஆறட்டும்," என்றார். கால்மணித்தியாலத்தில் வரிசை நேராக நிற்பதை விட்டுவிட்டு அவளைச் சுற்றி வட்டமாகிவிட்டது.

இருபத்து மூன்று வயதுவரை பொழுதுபட்ட பிறகு அவள் தெருவில் நின்றதில்லை. வீடு, விடுதி அறை, பரீட்சை மண்டபம், எப்போதும் ஒரு கூரைக்குக் கீழேதான். அந்த இருட்டுக்குள் ஏதோ இருக்கிறதென்று எல்லோரும் சொன்னார்கள். என்ன இருக்கிறதென்று ஒருவரும் சொல்லவில்லை. இப்போது அவள் பார்த்த அளவில் அதற்குள் வெனிலா ஐஸ்கிறீம் இருந்தது, வியர்வை ஆறிய நாலைந்து சனம் இருந்தது, காதடியில் இரைந்து கடிக்கிற நுளம்பு இருந்தது. இதற்காகவா இத்தனை வருடம் என்று அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஐஸ்கிறீமை மூன்று வாயில் விழுங்கி, பல் கூசி, கண்ணீர் வந்துவிட்டது.

"நேரம் ரெண்டரைடி," என்றாள் சுமித்திரா.

கிருசாந்தினி தன் இருட்டோடு கந்தோருக்கு நடந்தாள். தொலைபேசி வெளிச்சத்தில் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்துக் கையொப்பம் வைத்தாள். தயாளினி அவளைச் சுற்றியிருந்ததை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"இது ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம் மிஸ்."

"அப்ப மூலை மேசையை எடுங்கோ. வெளிச்சம் படக்கூடாத கடல்நீர் மாதிரிகள் கொஞ்சம் இருக்கு, உங்களுக்குப் பக்கத்தில வைக்கலாம்."

படத்துக்கு நேரம் போதவில்லை. கஜேந்தினி அதைப் பளைவரை சொல்லிக்கொண்டே வந்தாள். புதுச் செருப்பும் கடித்திருந்தது.

ஏழு மணிக்குக் கிருசாந்தினி வீட்டுக்குள் வந்தபோது மரியநேசன் அவளைப் பார்க்காமல் எழும்பிக் கடற்கரைக்குப் போனார். புனிதம் சோற்றைப் போட்டார், திட்டினார், ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார், அழுதார். பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தி, பதினெட்டு வருடமாக நாலு மணிக்குப் பிறகு வெளியில் நின்றிராத அந்த மனிசி கேட்டார்: "உள்ளுக்க என்னடி இருந்தது?"

"ஒண்டுமில்லை அம்மா. நுளம்பு."

"நுளம்பு மட்டுமே?"

"நுளம்பு மட்டும்தான்."

சனியும் ஞாயிறும் அந்த வீட்டில் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஐந்தேகாலுக்குக் கிருசாந்தினி பையோடு முற்றத்துக்கு வந்தபோது மரியநேசன் படலையை மறித்துக்கொண்டு நின்றார். ஒரு மணி வேலை செய்யாததால் அவரிடம் இன்னும் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதை அவர் ஊர் கேட்கச் சொன்னார்: "இண்டையிலயிருந்து உனக்குச் சூரியன் எழும்பாது!"

"சரி அப்பா. சொல்லி முடிஞ்சுதெண்டா விலகுங்கோ, ஐஞ்சரை பஸ் நிக்காது."

அப்படி ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை என்பதால், என்ன செய்வதென்று தெரியாமல் அவர் விலகினார். அவள் படலையைத் திறந்து சந்திப்பக்கம் நடந்தாள். ஆறு மணி ஐந்துக்கு ஊருக்கெல்லாம் விடிந்தபோது பஸ் புதுக்குடியிருப்பைத் தாண்டியிருந்தது. இடதுபக்கத்து மூன்றாவது இருக்கையைச் சுற்றி மட்டும் விடியவில்லை. நித்திரை முழிப்போடு வந்த இரண்டு ரீச்சர்மார் எழும்பிப்போய் அதற்குப் பின் இருக்கையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.