இலவச இணைப்பு

பகலில் அந்த வீட்டில் யாரும் சத்தம் போடுவதில்லை. அம்மா மருத்துவமனையில் இரவு முறை நர்ஸ். காலையில் வந்து படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுவாள். அதனால் அக்காவும் தங்கையும் டிவியின் ஒலியை நிறுத்திவிட்டே பார்த்து வளர்ந்தார்கள். திரையில் இருப்பவர் என்ன பேசுகிறார் என்று உதட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் விளையாட்டு. ‘அம்மா’ என்றால் உதடு ஒட்டும், ‘அக்கா’ என்றால் ஒட்டாது. தங்கை பாதிக்கு மேல் கதைவிடுவாள். அக்காவுக்கு நாளாக நாளாக அது கைவந்துவிட்டது.

அக்கா படிப்பை முடித்து ஐந்து வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். இருபத்தெட்டு வயதில், ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஆறு வாரப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து எழுதிப் போட்டாள். கூப்பிட்டுவிட்டார்கள். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு.

“இந்த வயசுல பயிற்சியா? கூட இருக்கிறதெல்லாம் வாண்டுங்களா இருக்கும்” என்றாள் தங்கை.

“இருக்கட்டும். அதுங்களுக்குக் கண்ணு சரியா தெரியுதான்னு பாத்துச் சொல்றேன்.”

நிலையத்துக்குள் எப்போதும் குளிர். கம்பளம் விரித்த நடையில் தன் காலடி தனக்கே கேட்காது. காலை நேரப் பேட்டி நிகழ்ச்சியின் அரங்கில் ஒரு பொய் ஜன்னல் இருந்தது. அதற்கு வெளியே துணியில் வரைந்த ஒரு நகரம். அந்த நகரத்தில் என்றைக்கும் காலை எட்டு மணி. விளக்குகளைச் சரிபார்க்கும்போது விருந்தினர் நாற்காலியில் யாராவது உட்கார வேண்டும் என்பதால் அவளை உட்காரவைப்பார்கள். அரைமணி நேரம் அசையாமல் அந்த வெளிச்சத்தில் இருக்கும்போது, தான் இன்னும் பிறக்காத யாருக்கோ இடம் பிடித்து வைத்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றும்.

எந்தக் கேமராவின் படம் ஒளிபரப்பில் போக வேண்டும் என்று பொத்தானை அழுத்தி மாற்றுபவரை எல்லோரும் பொத்தான்காரர் என்றார்கள். அவர்தான் அவளுக்குப் பேர் வைத்தார். “சம்பளம் இல்லாம வந்திருக்கு. வாரப் பத்திரிகை கூட வர்ற மாதிரி, நம்ம நிகழ்ச்சியோட இலவச இணைப்பு.” அவளும் சிரித்தாள். பேர் ஒட்டிக்கொண்டது.

நான்காவது வாரம் அவளைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பினார்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் திரைகள். ஒளிபரப்பில் இருக்கும் திரைக்கு மட்டும்தான் குரல், மற்றதெல்லாம் ஊமை. பின்வரிசையில் உட்கார்ந்து விநாடிகளை எழுதுவது அவள் வேலை. வாய் திறக்கக் கூடாது. அந்த நீல இருட்டில் முகங்கள் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தன. அவளுக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை ஒரு படகுக்காரர் வந்தார். ஆற்றில் கவிழ்ந்த படகிலிருந்து ஒன்பது பேரைக் கரைசேர்த்தவர். பத்தாவது ஆள் அவருடைய சொந்தத் தம்பி, அவன் கிடைக்கவில்லை. நேரடி ஒளிபரப்பு. முதல் பாதி நன்றாகப் போனது. விளம்பர இடைவேளை வந்தது, அவருடைய மைக்கை அணைத்தார்கள். இரண்டாம் கேமரா மட்டும் அவர் முகத்தில் நின்றிருந்தது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே உதட்டை அசைத்தார். ஒரே வாக்கியம், திரும்பத் திரும்ப. இருமுறை உதடு ஒட்டிப் பிரிந்தது. கடைசியில் ஒட்டி அப்படியே நின்றது. மூன்றாம் முறையில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ‘தம்பியப் பத்தி வேணாம்.’

கேள்வித்தாள் அவள் மேசையிலேயே இருந்தது. இடைவேளை முடிந்ததும் ஏழாவது கேள்வி: தம்பியின் கை நழுவிய அந்த நொடி என்ன நினைத்தீர்கள்? தயாரிப்பாளர் காலையில் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தது.

அவள் எழுந்து இயக்குநரின் தோளருகே போனாள். இயக்குநர் ஐம்பது வயதுப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காதவர்.

“மேடம், அவர் தம்பியப் பத்தி கேக்க வேணாம்னு சொல்றாரு.”

“யார்கிட்ட சொன்னாரு?”

“யார்கிட்டயும் இல்ல. வாயசைக்கிறாரு. எனக்குப் படிக்கத் தெரியும்.”

“நாப்பது விநாடி இருக்கு. தப்பா இருந்தா?”

“தப்பா இருந்தாலும் ஒரு கேள்வியக் கேக்காம விட்டதுதானே மேடம்.”

இயக்குநர் திரையிலிருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு தொகுப்பாளரின் காதுக்குப் பேசினார். “ஏழாவதை விட்டுடுங்க. விடியற்காலையில ஆத்துத் தண்ணி எப்படி இருக்கும்னு மட்டும் கேளுங்க.”

படகுக்காரர் கைகளிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்.

“விடியறதுக்கு முன்னாடி தண்ணி தெரியாதுங்க. மேலயும் கீழயும் ஒரே நெறம். துடுப்ப வெச்சாத்தான் ஆறுன்னே தெரியும். வெக்கலன்னா சும்மா தொங்கிக்கிட்டு இருப்போம். நான் நெறைய நாள் வெக்காம இருந்திருக்கேன்.”

கட்டுப்பாட்டு அறையில் பொத்தான்காரர் ஒரு முழு நிமிடம் கேமராவை மாற்றவே இல்லை.

விருந்தினரை வாசல்வரை கொண்டுவிடுவதும் அவள் வேலைதான். வெளியே வந்ததும் அவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். “இன்னொண்ணு கேப்பாங்கன்னு நெனச்சேன். கேக்கல.”

“நேரம் ஆயிடுச்சுங்க” என்றாள்.

அவர் தலையசைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

தயாரிப்பாளருக்கு அந்த ஏழாவது கேள்விதான் நிகழ்ச்சியின் உயிர். “நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றார் இயக்குநர். ஆனால் அவர் காதில் ஓதியது யார் என்பதும் மதியத்துக்குள் வெளியே வந்துவிட்டது. பத்திரிகையை விட்டுவிட்டு இணைப்பைக் கிழித்தார்கள். இயக்குநருக்கு ஒன்றும் ஆகவில்லை; அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள், சான்றிதழும் கிடையாது.

அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா எழுந்து தலைவாரிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

“நான் சேர்ந்த புதுசுல ஒரு டாக்டர்கிட்ட, ‘சார், அடிபட்ட கால் இது இல்ல’ன்னு சொன்னேன். கட்டு போட்டு முடிக்கப் போறாரு. மூணு மாசம் என்னைத் துணி மடிக்கிற ரூம்ல போட்டாங்க.”

“அப்புறம்?”

“நல்லாத் துணி மடிக்கக் கத்துக்கிட்டேன். போய் மொகம் கழுவிட்டு வா.”

அவள் மறுபடியும் கண்ணாடிக் கடைக்குப் போனாள். வேறு நிலையங்களுக்கும் எழுதிப் போட்டாள். இரண்டு இடத்தில் இரண்டிரண்டு வாரம் பயிற்சி கிடைத்தது. ஒன்றில் வானிலைப் படத்துக்கு மேகம் ஒட்டினாள், இன்னொன்றில் பழைய பதிவுகளுக்குப் பட்டியல் போட்டாள். வேலை மட்டும் கிடைக்கவில்லை. சில மதியங்களில் கடைக் கண்ணாடிகளில் வெயில் விழும்போது, இருநூறு மூக்குக்கண்ணாடிகளும் எதையோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். அவளும் கூடச் சேர்ந்து பார்ப்பாள்.

எட்டு மாதம் கழித்து அந்த இயக்குநர் கூப்பிட்டார். வேறு நிலையத்துக்கு மாறியிருந்தார்.

“விருந்தினருங்களைப் பாத்துக்க ஆள் வேணும். அரங்குக்குள்ள போறதுக்கு முன்னாடி கூட உக்காந்து பேசணும். எதக் கேக்கலாம், எதக் கேக்கக் கூடாதுன்னு எனக்கு எழுதிக் குடுக்கணும். சம்பளம் கொஞ்சந்தான்.”

“அன்னிக்கு என்னை அனுப்பும்போது நீங்க ஒண்ணும் பேசலியே மேடம்.”

“பேசல. பேசியிருக்கணும்.”

“திங்கக்கிழமை வர்றேன்” என்றாள்.

திங்கட்கிழமை காலை காத்திருப்பு அறையில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“நீ டிவியில எத்தன வருஷமாம்மா இருக்க?” என்று அவர் கேட்டார்.

“இன்னிக்குத்தான் சேர்ந்திருக்கேன்.”

தையல்காரம்மா கோப்பையைக் கீழே வைத்தார். “அப்போ ஒருத்தருக்கொருத்தர் துணை” என்று சொல்லி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.