வீட்டுக்கு ஆடி உண்டு

சாராளுக்கு வாய் கொஞ்சம் நீளம். வம்பை வீட்டுக்குள் இழுத்து வந்ததும் அந்த வாய்தான். கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. ஒப்பந்தக்காரன் இரண்டு மாதமாகச் சம்பளத்தை இழுத்தடித்தான். வாடகையும் கூடவே இழுத்தது. வீட்டுக்காரம்மா அமிர்தவல்லி, திருக்கழுக்குன்றத்து மலையடிச் சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"வாடக குடுக்க வக்கில்லன்னா காலி பண்ணு!"

"பெரிய அரமன! நாளைக்கே போறேன், நீயே கட்டிகினு அழு!"

சொன்ன சூட்டில் சாமான் ஏற்றக் குட்டியானை வண்டிக்கும் சொல்லிவிட்டாள். போகிற இடம் தொலைவில், கருங்குழியில் அண்ணன் வீடு. அங்கே போனால் பன்னிரண்டாவது படிக்கிற மகள் சிநேகாவின் படிப்பு நடுவில் நின்றுபோகும். அது விடிந்த பிறகுதான் உறைத்தது. ஆனாலும் சொன்ன சொல்லை இனி எந்த முகத்தோடு மாற்றுவது?

பீரோ வண்டியில் ஏறியது. சிநேகா சீருடையோடு, புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சாராளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். முன்கட்டிலிருந்து வந்த அமிர்தவல்லி பிள்ளையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், வண்டிக்காரனிடம் திரும்பினாள்.

"எறக்குய்யா. ஆடி பொறந்துடிச்சி. ஆடில எவளாவது வூடு மாறுவாளா?"

"நாங்க வேதக்காரங்க, எங்களுக்கு ஏதும்மா ஆடி?"

"உனுக்கு இல்லாம போவட்டும். வூடு என்னுது, வூட்டுக்கு ஆடி கீது. ஆவணி வரட்டும், அப்பால பேசிக்கலாம்."

பீரோ இறங்கியது. சாராள் முறைத்துக்கொண்டேதான் உள்ளே போனாள். போகும்போதே சிநேகாவைப் பள்ளிக்கு விரட்டினாள்.

அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் ஜெபம் முடிந்து திரும்பினால், வாசலில் இன்னொரு வண்டி. மாடியில் குடியிருந்த விஷாலுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து, குடும்பத்தோடு காலி செய்துகொண்டிருந்தான். மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துப் படியிறங்கியவள் வேறு யாருமில்லை, அமிர்தவல்லியேதான். ஆடி முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

சாராளின் வாய் துறுதுறுத்தது. ஆனால் அதற்குள் கண் நிறைந்துவிட்டது. யாருக்கும் இப்படி நன்றிக்கடன்பட்டு அவளுக்குப் பழக்கமில்லை. இந்தப் பொம்பளை கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குப் பதில் மெத்தையைத்தான் பிடித்தாள்.

"வுடும்மா, நான் தூக்கறேன். சம்பளம் வந்ததும் மொத வேலையா உன் வாடக..."

"ஆவணில பேசிக்கலாம்னேனே," என்றாள் அமிர்தவல்லி, அவள் முகத்தைப் பார்க்காமல். "படியப் பாத்து எறங்கு."