சுவர் காயும் வரை

சனிக்கிழமை காலையில் பாப்கே வந்து சுவரில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். இந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே பெர்லினின் வடக்கு ஓரத்தில், வரைபடத்தில் கோடு விழுந்த இடமெல்லாம் ஐந்து மாடி எழும்புகிறது. தெருக்கள் அகலம்தான். உள்ளே முற்றத்துக்குப் பின் முற்றம். ஒவ்வொன்றும் தீயணைப்பு வண்டி திரும்புகிற அளவுதான். எங்கள் அறை மூன்றாவது முற்றத்தில், அடித்தளத்தில். வெயில் இதுவரை வந்ததில்லை. பூச்சு ஈரம் காயாத புது வீட்டுக்கு வசதியானவர்கள் வரமாட்டார்கள். அதனால் எங்களைப் போன்றவர்களைக் குறைந்த வாடகைக்கு வைப்பார்கள். நாங்கள் அடுப்பெரித்து, மூச்சு விட்டு, சுவரைக் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் கிளம்பிவிட வேண்டும். எங்களுக்கு இது நான்காவது வீடு.

போன வாரமே பாப்கே மூட்டை கட்டச் சொல்லியிருந்தார். வெளியே முழங்கால் பனி. அடுத்த கட்டடத்தில் இன்னும் ஜன்னல்கூட வைக்கவில்லை. அம்மா ஒரு காலில் மட்டும் செருப்போடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து, அவள் சலவைக்கூடத்துக்குப் போனதும், அவர் கை வைக்கிற அந்தச் சுவரை ஈரத்துணியால் நனைத்துவந்தேன்.

"என்னம்மா, சுவரு இன்னும் அழுவுது?" பாப்கே கையைக் கோட்டில் துடைத்தார். "மூணு பேர் இருக்கீங்க. மூச்சு விடுறதுதான் உங்க வேலையே. அதுலயுமா சோம்பேறித்தனம்?"

"சின்னவனுக்கு இருமவே மூச்சு பத்தலீங்க ஐயா," என்றாள் அம்மா.

"சரி, இன்னும் ஒரு மாசம் இருங்க. அவன் கட்டிலை இந்தச் சுவரோட ஒட்டிப் போடு. உடம்புச் சூடு பட்டா காஞ்சிடும்."

அவர் போனதும் அம்மா என் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தாள். "தப்பிச்சோம்டி அல்வீனா! பிடி அந்தப் பக்கத்தை."

"அடுப்புப் பக்கமே இருக்கட்டுமேம்மா."

"வாயை மூடு. அந்தாளு எப்ப வேணா எட்டிப் பாப்பாரு. இந்தப் பனியில தெருவுல கிடந்தா சின்னவன் விடியறதுக்குள்ள விறைச்சிருவான்."

நான் கட்டிலின் மறுமுனையைத் தூக்கினேன். ஆறு வயதுத் தம்பி ரைன்ஹோல்ட் அதிலேயே உட்கார்ந்து, வண்டி ஓட்டுகிறவன் போல "ஹோ, ஹோ" என்றான். பிறகு இருமினான். முன்பு தொண்டையோடு நின்ற இருமல் இப்போது வயிற்றிலிருந்து வந்தது.

சுவரை நனைக்காமல் விட்டால் காய்ந்துவிடும், பிறகு தெருதான். நனைத்தால் அவன் நெஞ்சில் அந்த ஈரம். இதை அம்மாவிடம் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். அவள் சிரித்தது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

இன்று காலையும் அம்மா போனதும் வாளியில் துணியை நனைத்துக்கொண்டு கட்டிலருகே வந்தேன். ரைன்ஹோல்ட் சுவரைப் பார்த்துச் சுருண்டு தூங்கினான். அவன் வாய்க்கு நேரே, ஒரு ரொட்டித்துண்டு அளவுக்கு, சுவர் வெளுத்துக் காய்ந்திருந்தது. என் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் அவன் போர்வையில் சொட்டிக்கொண்டிருந்தது.