பதினேழாம் தகவலாளி

அந்தப் பல்கலைக்கழகத்தில், ஆய்வுக்குப் பேட்டி கொடுத்தவரின் பெயரை மறைத்தால் அது நிஜமாகவே மறைந்துவிடும். தனியுரிமைக் கொள்கை அப்படி. ஆய்வாளருக்குப் பட்டம் கிடைத்ததும் பெயர்கள் உறையில் போட்டுத் தபாலில் திரும்பி வந்துவிடும் என்பதால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை.

தாட்சாயணியின் ஆய்வு, கிராமத்துப் பெண்களும் இணையக் கொள்கையும். நாற்பது பேரைப் பிடிப்பதற்குள் தலையால் தண்ணீர் குடித்தாள். முப்பத்தொன்பதோடு நின்றுபோகவே, ஆராய்ச்சி மாணவர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பெற்ற தாயை, சந்தேகம் வராதபடி நடுவில், பதினேழாம் தகவலாளியாகச் செருகிவிட்டாள். ஒன்றரை வருடமாக அந்த அம்மாளுக்குப் பெயர் இல்லை. ரேஷன் கடையில் "பதினேழு" என்று கூப்பிட்டால் போய் நிற்பாள்.

வாய்மொழித் தேர்வன்று அந்த அம்மாள் பின் வரிசையில் சமோசாத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். வெளியூர்த் தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"பேட்டிக்கு நடுவுல பதினேழாவது ஆளு, 'சாப்ட்டியாடி, கண்ணெல்லாம் உள்ள போயிருச்சே'ன்னு கேக்குறாங்க. யாரும்மா இவங்க?"

தாட்சாயணி எட்டிப் பார்த்தாள். அந்த வரியை அழிக்க மறந்திருக்கிறாள், பாவி. உறவினர் பேட்டி என்று தெரிந்தால் நீக்கிவிடுவார்கள். அதோடு பெயரும் அழிந்துவிடும், உறை வராது. அம்மா சாகும்வரை வெறும் எண்தான்.

"எங்கம்மா சார்." அவள் எழுந்து நின்றாள். "பேட்டிய எடுத்துருங்க. அவங்க பேரும் போயிரும்னா, என் பேர அவங்களுக்குக் குடுத்துருங்க."

நெறியாளர் குலசேகரனிடம் அதற்கான படிவம் இருந்தது. அவள் கடைசியாக ஒருமுறை தாட்சாயணி என்று கையெழுத்துப் போட்டாள்.

தேர்வு தொடர்ந்தது. தேர்வாளர் பெயர் சொல்லி அழைத்ததும் பின் வரிசையிலிருந்து தாட்சாயணி எழுந்து, தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் கொள்கை கிராமத்துல ஏன் தோத்துச்சு?"

"எங்கள யாரும் ஒரு வார்த்த கேக்கல சார். கேக்க வந்த ஒருத்தியும் பேரத் தூக்கிட்டுப் போயிட்டா."

மகளுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. தேர்வாளர் திருப்தியாகக் குறித்துக்கொண்டார்.

"நல்ல பதில். ஆனா ஒரு ஆள் குறையுதே. நிரப்பிட்டீங்கன்னா இன்னிக்கே பட்டம்."

தாட்சாயணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு செல்போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, சமோசாத் தட்டோடு நின்ற பெண்ணின் முன்னால் நீட்டினாள்.

"உங்க வயசு சொல்லுங்கம்மா," என்றாள்.

அவள் சொன்னாள்.