சீக்காளி அறையில் போட்ட சோதனை

எங்கள் தானாங் நகர அலுவலகத்தில் சோதனைகளை ஒழுங்கு செய்யும் வேலையை என் தலையில் கட்டினார்கள். பல பேர் பல வருடமாக எழுதிக் குவித்தவை. எது எதற்கென்று எழுதியவனுக்கே தெரியாது. நாங்கள் செய்வது சேமிப்பு மென்பொருள். ஒரு ஃபைலைக் கொடுத்தால் மூன்று சர்வர்களில் மூன்று பிரதியாக வைக்கும். ஒன்று படுத்துவிட்டாலும் மற்றவை எடுத்துக் கொடுக்கும். அந்த வாக்கு மெய்தானா என்று தானாகவே ஓடிப் பார்ப்பதுதான் சோதனைகளின் வேலை.

பிரித்து வைத்தேன். சின்னவை, யாராவது ஒரு வரி மாற்றினாலும் உடனே ஓடும். நடுத்தரமானவை, சர்வர்கள் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசுகின்றனவா என்று தினமும் பார்க்கும். பெரியவை, வேண்டுமென்றே ஒரு சர்வரைச் சாகடித்துவிட்டு ஃபைல் பிழைத்ததா என்று பார்க்கும். எல்லாம் தேறினால் சுவரில் இருக்கும் திரை பச்சையாகும். ஒன்று தவறினாலும் சிவப்பு. சிவப்பை வைத்துவிட்டு யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.

நாலாவதாக ஒரு பிரிவு கேட்டவர் எங்கள் குழுத் தலைவர் ஹியென் அண்ணன். காரணம் தெரியாமல் ஒருநாள் தேறி ஒருநாள் தவறும் சோதனைகளை அதில் ஒதுக்கிவிட வேண்டுமாம். அங்கே தவறினால் திரை சிவக்காது. சீக்காளி அறை என்று நான்தான் பெயர் வைத்தேன். உள்ளே போனதை ஒரு வாரத்துக்குள் குணப்படுத்த வேண்டும் என்று நிபந்தனையும் போட்டேன். ஒரு பயலும் எட்டிப் பார்க்கவில்லை.

ஹியென் அண்ணன்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாது. மனைவி லாய் செத்து வருடம் திரும்பவில்லை. மகள் மித் படிக்கும் நர்சரியைச் சாயங்காலம் மூடிவிடுவார்கள். திரை சிவந்த நாளெல்லாம் அந்தக் குழந்தை வாசலில் தனியாக நின்று அழும். லாய் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி மகளுக்காக ஒரு தாலாட்டைப் பாடிப் பதிந்து வைத்திருந்தாள். அதைக் கேட்காமல் மித் தூங்க மாட்டாள். அந்த ஃபைலை எங்கள் சேமிப்பில்தான் வைத்திருந்தார் அவர். புதிய பதிப்பை வெளியே கொடுக்கும் முன்பு எங்கள் சொந்த ஃபைல்களின் மேல் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அத்தனை நம்பிக்கை. பாட்டைப் பதிந்த லாயின் போனைக்கூட, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுத் தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டார்.

"மூணு இடத்துல இருக்கு, சுவோங். நானே செத்தாலும் அவ குரல் சாகாது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

மழைக்காலம் தொடங்கியபோது பெரியவற்றில் ஒன்று தவற ஆரம்பித்தது. ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி மாறும் நேரம் பார்த்து மின்சாரத்தை வெட்டும் சோதனை அது. பெரும்பாலும் தேறும். எப்போதாவது ஃபைல் காலியாகத் திரும்பி வரும். சோதனை ஓடும் மெஷின் பழசு, அதுதான் காரணம் என்று எல்லோரும் சாதித்தார்கள்.

"மெஷின் பழசுன்னா ஃபைல் லேட்டா வரும்ணா. காலியா வருமா?" என்றேன்.

ஹியென் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "திரும்ப ஓட்டு."

ஓட்டினேன். பச்சை.

"பாத்தியா? சும்மா சீக்கு. உள்ள தள்ளும்மா, எம் பொண்ணு வாசல்ல நிக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலாளர் வரைக்கும் போய்ச் சண்டை போட்டேன். அவருக்கு வெளியீட்டுத் தேதிதான் பெரிதாக இருந்தது. அந்தச் சோதனை சீக்காளி அறைக்குப் போயிற்று, திரை பச்சையாயிற்று, வழக்கம்போல எல்லோருக்கும் கரும்புச்சாறு வந்தது. நான் தொடவில்லை.

புதிய பதிப்பு எங்கள் சேமிப்பில் ஏறிய கொஞ்ச நாளில் புயல் அடித்தது. ஆற்றுத் தண்ணீர் தெருவுக்கு ஏறியது. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. சர்வர்கள் ஒன்று படுக்க ஒன்று எழ, பிரதிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தன. தண்ணீர் வடிந்து ஆபீஸ் வந்து பார்த்தால், சில ஃபைல்களுக்குப் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. ஒருத்தனின் கல்யாணப் படங்கள். இன்னொருத்தியின் கால்பந்து வீடியோ. லாயின் தாலாட்டு. மூன்று பிரதிகளும் பத்திரமாகத்தான் இருந்தன, மூன்றும் காலி. மீட்கத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தோம். வரவில்லை.

அப்பவே சொன்னேனே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். பாவம், மனிதர் அழக்கூட இல்லை.

அன்று மாலை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தச் சோதனையை வெளியே எடுத்து ஓட்டச் சொன்னார். பச்சை.

"திரும்ப ஓட்டு."

பச்சை. மறுபடி சொன்னார், மறுபடி பச்சை. சிவந்தால்தான் ஃபைல் எந்த இடத்தில் தொலைகிறது என்று பிடிக்க முடியும். மேசைமேல் அவர் போன் அதிர்ந்தது. நர்சரியிலிருந்து. புயலுக்காக அத்தை வீட்டில் விட்டிருந்த மித் அன்றுதான் திரும்பி வந்திருந்தாள். அவர் எடுக்கவில்லை. நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டபோது திரை சிவந்தது.

"வந்துடுச்சுண்ணா. மீதிய நான் பாத்துக்கறேன். மித் நிப்பா, நீங்க கெளம்புங்க."

அவர் எழுந்திருக்கவில்லை.

"கூட்டிட்டுப் போயிடலாம்மா. சோறும் ஊட்டிடலாம்" என்றார். "படுத்ததும் அம்மா பாட்டப் போடும்பாளே."

போன் மறுபடி அதிர்ந்தது. திரும்ப ஓட்டு என்றார். ஓட்டினேன்.