முத்திரை குத்திய குடை

குடைக்கடையில் மாதத்துக்கு ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மடித்து வைத்த குடைகள் எல்லாம் யாரும் தொடாமலேயே விரிந்துகொண்டன. முதலாளி அதை ஸ்பிரிங் கோளாறு என்று முடிவுகட்டி, ஸ்பிரிங் அனுப்புகிறவர்களை மாற்றிப் பார்த்தார். புது ஸ்பிரிங்கும் ஒரு மதியம் படபடவென்று விரிந்து, கல்லாவில் கண்ணயர்ந்திருந்த அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. பின்கட்டில் குடைத்துணி தைக்கிறவள் வந்து எல்லாவற்றையும் மடித்து அடுக்குவாள். அவள் கவலை வேறு. கல்யாணமாகிப் பல வருடங்கள் ஓடி, வயதும் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தைப் பேச்சை எடுப்பதையே வீட்டில் விட்டுவிட்டார்கள். கருமுட்டை எப்போது வெளிவருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள் என்றார் டாக்டர்.

அவள் கணவன் கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகஸ்தன். எதையும் சோதிக்காமல் நம்பமாட்டான். பெண் பார்க்கப் போன இடத்திலேயே மாமனார் வீட்டுச் சமையலறைத் தராசைத் தூக்கிப் பார்த்தவன். மருந்துக்கடையில் கருமுட்டை நாளைக் காட்டும் சாதனங்களை வரிசையாக எடுத்து வைக்கச் சொல்லி, "இதுல எதும்மா சரியா காட்டும்?" என்றான்.

"எல்லாமே காட்டும் சார். சிறுநீர்ல நனைக்கிற இந்தப் பட்டை மலிவு, ரெண்டாவது கோடு முதல் கோடு அளவுக்குக் கறுத்துச்சான்னு நீங்களே ஒப்பிட்டுப் பாக்கணும். இந்த மிஷின்ல சிரிச்ச முகம் வரும். இது எச்சிலைத் தொட்டு லென்ஸ்ல பாக்கிறது, பொறுமை வேணும்," என்றாள் மருந்துக்கடைக்காரி.

"சிரிக்கிற மிஷினை எப்படி நம்புறது? அது எனக்காகச் சிரிக்குதா, என்னைப் பாத்துச் சிரிக்குதா?"

"அப்ப பட்டையே வாங்கிக்குங்க. அதுக்குச் சிரிக்கத் தெரியாது."

தராசை விடிந்ததும், வியாபாரம் தொடங்குமுன் சோதிப்பது அவன் தொழில் வழக்கம். மனைவியையும் அப்படியே விடியலில் எழுப்பிவிட்டான். ஜன்னலோரம் பட்டையைப் பிடித்தால் ஒரு கோடு கறுப்பாகவும் மற்றது அழித்த பென்சில் கோடு போலவும் தெரிந்தது. மாதங்கள் போயின. அவள் குழாயைத் திறந்துவிட்டு அழுவது வெளியே கேட்டது. அவன் மறுபடி மருந்துக்கடைக்குப் போனான்.

"காலையிலயா பாத்தீங்க? ஐயோ சார், அது கர்ப்பம் பாக்கிற பட்டைக்கு. இதை மதியத்துக்கு மேல பாக்கணும். அதுக்கு முன்னாடி ரொம்பத் தண்ணி குடிக்க வேணாம்னு அக்காகிட்ட சொல்லுங்க."

அதன்பின் அவள் பட்டையைக் கடைக்கே கொண்டுபோனாள். ஒரு மதியம் இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடக் கறுத்தது. அவள் கழிப்பறைக் கதவைத் திறந்தபோது கடை முழுவதும் குடைகள் விரிந்துகொண்டிருந்தன.

"மறுபடியுமா! அந்த ஸ்பிரிங்காரனை என்ன பண்றேன் பாரு!" என்று முதலாளி கத்தினார்.

அவள் பட்டையைப் பார்த்தாள், குடைகளைப் பார்த்தாள். "ஸ்பிரிங் இல்ல முதலாளி. நான்தான்."

முதலாளி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அப்ப இங்க என்ன பண்ற? வீட்டுக்குக் கிளம்பு. இன்னைக்கு நானே மடிச்சுக்கிறேன்."

கணவன் ஒரு குடையை வீட்டுக்கு எடுத்துவந்து, பட்டையோடு ஒப்பிட்டுச் சில மாதங்கள் சோதித்தான். இம்மியும் பிசகவில்லை. பிடியில் முத்திரை குத்தினான். பட்டை வாங்குவது நின்றது. பிறகு ஒரு மாதம் குடை விரியவே இல்லை. அவன் தரையில் உட்கார்ந்து ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டான், கம்பிகளை ஆட்டிப் பார்த்தான், துரு ஏறிவிட்டது என்றான்.

"எண்ணெயை வீணாக்காதீங்க," என்றாள் அவள். "குடை நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன் விரியல?"

"நாள் தள்ளிப் போயிருக்கு. சொன்னா கலைஞ்சிடுமோன்னு பயந்து வாய மூடிட்டிருந்தேன்."

அவன் சாய்த்த எண்ணெய்ப் புட்டியை நிமிர்த்த மறந்தான். எண்ணெய் முழுவதும் தரையில் ஓடியது. இருவரும் அதைத் துடைக்கவில்லை.

அந்த வருடம் கடையில் எந்தக் குடையும் தானாக விரியவில்லை. முதலாளி, காரணம் தெரிந்தும், பார்ப்பவர்களிடமெல்லாம் ஸ்பிரிங்காரரின் சரக்கைப் புகழ்ந்தார். குழந்தை பிறந்த மதியம், தெருவில் போனவர்களின் குடைகள் எல்லாம் கையிலும் பையிலும் கக்கத்திலுமாக விரிந்துகொண்டன. ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. விரிந்ததுதான் விரிந்துவிட்டதே என்று பிடித்தபடியே நடந்தார்கள்.