நான்காம் தொட்டி

தொப்புள்கொடி ரத்த வங்கியின் நான்காம் தொட்டியில் கல்லாய் உறைந்து கிடந்த பை, ஒரு தாய் அருகே வந்தால் மட்டும் உள்ளிருந்து தட்டியது. மோட்டார் பழுது என்று நினைத்த ஊழியர்கள் பிறகு பழகிப்போனார்கள். "தட்டுது பாரு, அந்தம்மா வந்தாச்சு" என்பதோடு சரி.

அவளுடைய இளைய மகள் பிறந்தபோது எடுத்து வைத்த ரத்தம் அது. மூத்தவனுக்குப் பரம்பரை ரத்தக்கோளாறு. பிறத்தியார் ரத்தத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தான். தங்கையுடையது அச்சாகப் பொருந்துகிறது, ஈரல் கெடுவதற்குள் ஏற்றிவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லி ஒரு மழைக்காலம் போய்விட்டது. கணவன் வங்கிக்கு நேரில் வந்து சம்மதிக்க வேண்டும். அவன் அக்கா விடவில்லை. தன் மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். விஷயம் வெளியே தெரிந்தால் யார் வாசல் மிதிப்பார்கள்?

தொட்டி தட்டும் சேதி அக்காவுக்கு வெல்லமாய் இனித்தது. "பாத்தியாடா, யார் ரத்தத்துல கோளாறுன்னு அதுவே சொல்லுது. நம்ம வெளுப்பு பரம்பரை நிறம்டா!" அந்த வெளுப்புக்கு மருந்தாகத் தலைமுறையாக டானிக் குடித்துவந்த குடும்பம் அது. இரண்டு பக்கமும் இருந்தால்தான் நோய் வரும் என்று மருத்துவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போகப்போகப் பையனின் அம்மாவே அக்கா சொன்னதை நம்பத் தொடங்கினாள். மகனுக்குச் சோறு ஊட்டும்போது தன் மணிக்கட்டின் பச்சை நரம்பைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

மகன் வயிறு வீங்கி, படியேற முடியாமல் உட்கார்ந்த அன்று கணவனிடம் சொன்னாள்: "நாளைக்கு நீங்க வரலைன்னா, பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி இவனைக் கொண்டுபோய் உக்கார வெப்பேன்."

வந்தான். காவலுக்கு அக்காவும் தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். முதலில் பையனின் அம்மா நுழைந்தாள், ஒரு தட்டு. கணவன் வாசல் தாண்டியதும் இன்னொன்று. அக்கா காலெடுத்து வைத்ததும் மூடி குதித்தது. மகளுக்கு மெதுவாக ஒன்று. அக்கா பின்வாங்கினாள், அமைதி. முன்னே வந்தாள், தட்டியது.

"அதை நிறுத்தித் தொலைங்க!"

"நிறுத்த முடியாதும்மா. நீங்கதான் தள்ளி நிக்கணும்" என்றார் ஊழியர்.

அக்கா தன் மகளின் வெளுத்த முகத்தை முதல்முறை பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "மசமசன்னு நிக்காதே, போய்ச் சரின்னு சொல்லுடா" என்றாள் தம்பியிடம்.

ஏற்றினார்கள். பையன் கண்ணாடி அறையில் முடியெல்லாம் கொட்டிக் கிடந்து, சிவந்து வெளியே வந்தான். தட்டல் இப்போது அவன் நெஞ்சுக்குள் கேட்டது. வரன் வரும் நாட்களில் அத்தை அவனுக்குச் சொல்லி அனுப்புவாள். அவளும் மகளும் பின்கட்டில் ஒதுங்கிக்கொள்ள, அவன் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். நெஞ்சு தட்டியதில் இரண்டு வரன்கள் தட்டிப்போயின. மூன்றாவது வந்தவன் அருகில் உட்கார்ந்து கணக்கே சொல்லிக்கொடுத்தான். நெஞ்சு மூச்சுக் காட்டவில்லை. அவனையே பேசி முடித்தார்கள்.